சித்தி மகன் பெயரில் வந்த பார்சல்

வக்கீல் என்ற முறையில் ஆலோசனை கேட்டு எனக்கு வந்த மற்ற கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு இதை முதலில் எடுக்கிறேன். நாள் தள்ளினால் சிக்கல் கூடும் விஷயம் இது. உடனே செய்ய வேண்டியதை எழுதியவருக்குத் தனியாகத் தெரிவித்துவிட்டேன். விரிவான பதிலை இங்கே தரக் காரணம் உண்டு. காவல்துறை, வனத்துறை, சுங்கம், ஆய்வகம் என்று நம் கடற்கரைக் குடும்பங்களிலிருந்து அரசு வேலைக்குப் போன பலருக்கும் இதே நெருக்கடி ஏதோ ஒரு வடிவில் வருகிறது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எழுதியவர் பாம்பன் பக்கத்துக் கத்தோலிக்க மீனவக் குடும்பத்துப் பெண். அரசுத் தடய அறிவியல் ஆய்வகத்தில் வேதியியல் பிரிவில் அலுவலர். அப்பா கரைவலை இழுத்தவர், ஊர்க் கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாராகவும் இருந்தவர். அம்மா சிறு வயதிலேயே இறந்துவிட, வளர்த்தது சித்தி. எம்.எஸ்சி. கட்டணத்துக்காகச் சித்தி அடகு வைத்த சங்கிலி இன்றுவரை மீளவில்லை. கணவர் நாட்டுப்படகு வைத்திருக்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள். காலைப் பேருந்தில் செபமாலை சொல்லிக்கொண்டே வேலைக்குப் போகிறவர். ஒவ்வொரு பார்சலின் அரக்கை உடைக்கும் முன்னும் சிலுவை போட்டுக்கொள்கிறவர்.

சென்ற மாதம் சித்தியின் இளைய மகனைக் கடற்கரையில் கஞ்சாப் பொட்டலங்களோடு பிடித்திருக்கிறார்கள். 20 கிலோவுக்கு மேல் என்று வழக்கு. மாதிரி பார்சல்கள் இவருடைய பிரிவுக்கே வந்துவிட்டன. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கி, அலமாரியில் வைக்கும்போதுதான் நீதிமன்றக் கடிதத்தில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறார். முத்திரை இன்னும் உடைக்கப்படவில்லை.

அன்று மாலையே சித்தி வந்துவிட்டார். "ஒரு வார்த்தை மாத்தி எழுது தாயி. நான் வச்ச நகையக்கூட ஒன்கிட்டக் கேட்டதில்ல." இரண்டு நாள் கழித்துச் சித்தியின் மூத்த மகன் இன்னும் இருவரோடு வந்து, "நாளைக்கு இந்த ஊர்லதான நீயும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இதற்கிடையில் வீட்டு மாதா சொரூபத்தின் பீடத்துக்கு அடியில் ஒரு கவர். சித்தி வைத்ததுதான். பிரிக்கவில்லை; பணம் என்று தொட்டாலே தெரிகிறது. மருத்துவ விடுப்பில் போய்விடு என்கிறார் கணவர். "இரக்கம் காட்டுவது பாவமா, காட்டாமல் விடுவது பாவமா?" என்று கேட்கிறார் இவர். கூடவே இன்னும் இரண்டு கேள்விகள்: ஒன்று வேறொரு வழக்கில் வந்த சம்மன் பற்றி, மற்றது பூசைக் கருத்துகள் (பூசையில் யாருக்காக வேண்ட வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது) பற்றி.

அன்புச் சகோதரிக்கு,

கடிதம் முழுவதும் ஒரு எண்ணம் ஓடுகிறது. அந்தப் பையனின் விதி உங்கள் பேனாவில் இருக்கிறது என்பது. முதலில் அதை இறக்கி வையுங்கள். உங்கள் அறிக்கை மனிதனைப் பற்றியதே அல்ல. பார்சலில் என்ன இருந்தது, எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது என்பது மட்டுமே அதில் வரும். அந்தப் பொட்டலம் யார் கையில் இருந்தது, அவனுக்குத் தெரிந்து இருந்ததா, மகஜர் (பறிமுதல் செய்ததைச் சாட்சிகள் முன் எழுதும் பதிவு) ஒழுங்காகப் போடப்பட்டதா, மாதிரி குற்றவியல் நடுவர் முன்னிலையில் எடுக்கப்பட்டதா என்பதெல்லாம் வேறு சாட்சிகளின் வாயிலிருந்து வரவேண்டியவை. கஞ்சா என்று அறிக்கை வந்த பிறகும், இந்த மற்ற கண்ணிகளில் ஒன்று அறுந்து விடுதலையான வழக்குகளை நான் நடத்தியிருக்கிறேன்.

ஆனால் உங்கள் கையெழுத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கும் எடை சாதாரணமானதல்ல. சென்னையில் 1849-இல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கிய காலத்திலிருந்து வருகிற நம்பிக்கை அது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 329-ஆம் பிரிவும், அரசு ரசாயனப் பரிசோதகர் போன்ற அறிவியல் அலுவலர்களின் அறிக்கையை அவர்களைக் கூண்டில் ஏற்றாமலே சான்றாகப் படிக்க அனுமதிக்கின்றன. சாதாரண மருத்துவச் சான்றிதழுக்குக்கூட இந்தச் சலுகை இல்லை. யாரென்றே தெரியாத ஒருவர் முத்திரையைப் பார்த்து, உடைத்து, சோதித்து எழுதினார் என்ற நம்பிக்கையில்தான் இது நிற்கிறது. வளர்த்த சித்தியின் மகன் வழக்கில் நீங்கள் "யாரென்றே தெரியாதவர்" இல்லையே.

"நான் நேர்மையாகத்தான் செய்வேன், பிறகு யார் என்ன சொல்ல முடியும்?" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. குறுக்கு விசாரணையில் என்ன நடக்கும் என்பதை மட்டும் பாருங்கள். கஞ்சா இல்லை என்று எழுதினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அரசு வழக்கறிஞர் எழுந்து உறவைக் கேட்பார். கோர்ட் பேச்சில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்; உங்கள் பதில் இப்படிப் பதிவாகும்: "எதிரி எனக்குச் சித்தி மகன் என்றால் சரிதான். எதிரியின் தாயார்தான் என்னை வளர்த்தார் என்றால் சரிதான். அவருடைய நகையை வைத்துத்தான் நான் படித்தேன் என்றால் சரிதான்." இந்த மூன்று வரி பதிவானதும் உங்கள் அறிக்கை வெறும் காகிதம். கஞ்சாதான் என்று எழுதினால் எழுந்து நிற்பது பையனின் வக்கீல். நகைக் கடன் விஷயத்தில் சித்தி குடும்பத்தோடு மனத்தாங்கல், அந்த விரோதத்தில் எழுதிவிட்டார் என்று போடுவார். "அப்படிச் சொன்னால் சரியல்ல" என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் கேள்வி பதிவாகிவிடும், ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

நீங்கள் விலகுவதால் அதிகம் பயனடையப் போவது அந்தப் பையன்தான். போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி. அந்த நுனி சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. இது எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டிய பாடம். பெட்ரோலியம் ஈதரில் வடித்த சாற்றில் கஞ்சாவைக் கண்டறியும் டுகினாய்ஸ் கரைசலையும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் விட்டு, குளோரோஃபார்ம் ஊற்றியதும் ஊதா நிறம் அடியில் இறங்குகிறதா என்று பார்ப்பதோடு உங்கள் வேலை முடிந்துவிடுவதில்லை. பூநுனி இருந்ததா என்பதையும் கண்ணாலும் நுண்ணோக்கியாலும் பார்த்து எழுத வேண்டும். ஒருவேளை அந்த மாதிரியில் அவனுக்குச் சாதகமாக ஏதாவது இருந்தால், அது நிற்பதற்கு முன்பின் தெரியாத ஒருவரின் கையெழுத்து வேண்டும். உங்கள் கையால் வந்தால் உண்மையே பொய்யாகிவிடும். சித்தியிடம் சொல்வதற்கு உங்களிடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

விடுப்பில் போவது விலகுவது ஆகாது

உங்கள் கணவர் சொல்வது பாசத்தில். ஆனால் மருத்துவ விடுப்பில் போனால் பார்சல் உங்கள் பெயரில் உங்கள் அலமாரியிலேயே கிடக்கும். 2022-இல் வந்த போதைப்பொருள் பறிமுதல், மாதிரி எடுப்பு விதிகள் அறிக்கைக்கு 15 நாள் கெடு வைத்திருக்கின்றன. இதுபோல 20 கிலோவுக்கு மேற்பட்ட வணிக அளவு வழக்கில், போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆம் பிரிவுத் தடையால், ஜாமீன் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அறிக்கை தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் பையன் சிறையில்தான் இருப்பான். இல்லாத நோய்க்குச் சான்றிதழ் வாங்கினால் அது தனிக் குற்றச்சாட்டாகும். திரும்பி வரும்போது பார்சல் உங்களுக்காகவே காத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

நாளைக் காலையே உங்கள் மேலதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். குற்ற எண், பார்சல் பதிவு எண், பெற்ற தேதி, நேரம். எதிரி உங்களுக்கு இன்ன உறவு. பெயரைப் பார்த்தது பார்சலைப் பெற்ற பிறகே. முத்திரை உடைக்கப்படவில்லை. வேறு அலுவலருக்கோ வேறு ஆய்வகத்துக்கோ மாற்றும்படி கோருகிறேன். அவ்வளவு போதும், சித்தி உங்களை எப்படி வளர்த்தார் என்ற கதை அதில் வேண்டாம். பார்சலை ஒப்படைக்கும்போது இன்னொரு அலுவலரும் உடனிருக்க, ஒவ்வொரு அரக்கு முத்திரையையும் மாதிரி முத்திரையோடு ஒப்பிட்டு, அப்படியே இருக்கிறது என்று இருவரும் கையெழுத்திட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள். பிறகு ஒருநாள் "இடையில் பார்சல் எங்கே இருந்தது?" என்று கேட்பவர்களுக்கு அந்தப் பக்கம்தான் பதில். உங்கள் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள்.

இப்படி எழுதினால் "ஏதோ இருக்கிறது, அதனால்தான் விலகுகிறாள்" என்று பேசுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். நீதிபதிகளே உறவினர் வழக்கிலிருந்து விலகுகிறார்கள். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

விலகிய பிறகு அந்தக் கோப்பின் பக்கம் போகாதீர்கள். "முடிவை மட்டும் சித்தி காதில் போட்டுவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகும், அங்கிருந்து பையனின் வக்கீலுக்கு நகல் கிடைக்கும். அதில் அவருக்கு நியாயமான சந்தேகம் இருந்தால் மறு ஆய்வு கேட்கலாம். ஆனால் அறிக்கை கிடைத்த 15 நாளுக்குள் கேட்க வேண்டும், மிக அபூர்வமான காரணம் இருந்தால்தான் அனுமதி என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தானாசிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. உங்கள் வாயிலிருந்து இரண்டு நாள் முன்னதாகத் தெரிவதால் அவனுக்கு எந்த லாபமும் இல்லை. உங்களுக்கு வேலையே போகலாம்.

மாதா சொரூபத்தின் அடியில் உள்ள கவர்

இதைப் படிக்கும்போதுதான் எனக்குப் பதற்றம் வந்தது. நீங்கள் கேட்கவில்லை, பிரிக்கவில்லை. வைத்துவிட்டுப் போனதாலேயே அது லஞ்சம் வாங்கியது ஆகிவிடாது. ஆனால் தெரிந்த பிறகும் வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும், ஏற்றுக்கொண்டீர்கள் என்று வாதிட இடம் கொடுக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் தண்டனை குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. கொடுப்பவருக்கும் 8-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை உண்டு. சித்திக்கு இது தெரிந்திருக்காது; பாசத்தில் செய்ததாகவே நினைப்பார்.

கவரைப் பிரிக்காமல், கணவரையும் ஊரில் மதிப்புள்ள ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு இன்றே திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் அவர் வீட்டில் சும்மா வைத்துவிட்டு வராதீர்கள். என்னையோ வேறு வக்கீலையோ கூப்பிடுங்கள். மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் இதைச் சேர்ப்பதா என்பதுதான் சங்கடமான கேள்வி. சேர்த்தால் சித்திக்கு விசாரணை வரலாம். சேர்க்காமல் விட்டு, பின்னால் வேறு வாயிலிருந்து வெளிவந்தால் அகப்படுவது நீங்கள். யோசித்துப் பார்த்தே சொல்கிறேன்: சேருங்கள். "நான் இல்லாதபோது வீட்டில் ஒரு கவர் வைக்கப்பட்டிருந்தது, இன்னார் முன்னிலையில் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்று ஒரே வரி. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

மூத்த மகன் சொன்னது வேறு ரகம். பொய்ச் சான்று தரும்படி மிரட்டுவது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 232-ஆம் பிரிவில் குற்றம். ஒரு தடவை கோபத்தில் சொன்னதற்காக உடனே காவல் நிலையம் போகச் சொல்ல மாட்டேன். உறவும் ஊரும் அப்படிப்பட்டவை. ஆனால் தேதி, நேரம், சொன்ன சொல், கூட நின்றவர்கள் பெயர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். இன்னொரு தடவை வந்தால் யோசிக்காமல் புகார் கொடுங்கள். நீங்கள் விலகிவிட்டீர்கள் என்று தெரிந்ததும் அவர்கள் வருவது பெரும்பாலும் நின்றுவிடும். கேட்பதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது அல்லவா?

இரக்கமும் பாவமும்

நான் வக்கீல், சாமியார் அல்ல. ஆனாலும் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். பொய்ச் சாட்சி சொல்லாதே என்பது உங்கள் பத்துக் கட்டளைகளில் எட்டாவதாகவே இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 229-ஆம் பிரிவு, 7 ஆண்டு வரை சிறை. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் கோயிலும் என் கோர்ட்டும் ஒன்றாகவே பேசுகின்றன. தவறுதலாகப் பிழை செய்வது வேறு, தெரிந்தே மாற்றி எழுதுவது வேறு. பிழை செய்துவிடுவேனோ என்ற பயத்தையும் பொய் எழுதச் சொல்கிறார்களே என்ற பயத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். முதலாவதற்கு ஆய்வகத்தில் மறுபரிசோதனையும் மேற்பார்வையும் இருக்கின்றன. யாரும் பிழைக்காகச் சிறைக்குப் போவதில்லை.

குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் இதையெல்லாம் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் மனப்போராட்டத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள். பார்சல், எண், பெயர் வேண்டாம். திருச்சபைச் சட்டப்படி குரு அதை வெளியே சொல்ல முடியாது. ஆனால் நம் சாட்சியச் சட்டம் வக்கீலிடம் சொன்னதற்கும் கணவன் மனைவிக்குள் சொன்னதற்கும் தந்திருக்கும் பாதுகாப்பைக் குருவிடம் சொன்னதற்குத் தரவில்லை. பலர் தருகிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பூசைக் கருத்தில் வந்த பெயர்

உப்புக் கரைசலில் ஊறிய உள்ளுறுப்பு ஜாடிகள் வரும்போது, லேபிளில் உள்ள பெயரை மனதில் வைத்து வேண்டிக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அரளிவிதை தின்று இறந்த ஒரு பெண்ணுக்காக ஞாயிறு பூசையில் கருத்து எழுதிக் கொடுத்தீர்கள். பெயர் வாசிக்கப்பட்டதும் யார் அது என்று மாமியார் கேட்டார். அதன் பிறகு தூக்கமில்லை என்கிறீர்கள்.

மனதுக்குள் வேண்டுவதை எந்த விதியும் தடுக்காது. இந்த வேலையில் இத்தனை ஆண்டுகள் மனம் மரத்துப்போகாமல் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் பெயர் வெளியே வரக்கூடாது. அந்தக் குடும்பத்துக்கே இன்னும் இறப்பின் காரணம் அதிகாரபூர்வமாகத் தெரிந்திருக்காது. சந்தேக மரண வழக்கு கொலை வழக்காக மாறுவதும் உண்டு. நம் ஊர்களில் ஒரு பெயரைக் கேட்டு வீட்டைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகாது. இனி "இறந்த ஆன்மாக்கள்" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். நடந்ததை நினைத்து ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்; ஒரு பெயர் வாசிக்கப்பட்டது, நீங்கள் எப்படி அறிந்தீர்கள் என்பது யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 4

ஓரியூரில், விசுவாசத்துக்காக உயிர்விட்ட புனிதர் அருளானந்தரின் திருநாள். 1693-இல் அவர் தலை வெட்டப்பட்ட அதே தேதி. சிறு வயது முதல் விடாமல் குடும்பத்தோடு அங்கே புனிதமாகக் கருதும் செம்மண்ணை எடுக்கப் போகிற நாளில் வேறொரு வழக்குக்குச் சம்மன் வந்திருக்கிறது. போகாமல் இருந்துவிடலாமா என்ற எண்ணமே வேண்டாம், வாரண்ட் வரும். ஆனால் சம்மன் வந்தால் நீங்களே போய்த்தான் தீரவேண்டும் என்பதும் தவறு. நீதிமன்றம் நீங்களே வரவேண்டும் என்று குறிப்பாகச் சொல்லாதபோது, வர இயலாத அறிவியல் அலுவலர் அந்த வழக்கின் விவரம் தெரிந்த, தன்னோடு பணிபுரியும் பொறுப்பான அலுவலரை அனுப்ப 329-ஆம் பிரிவே வழி தருகிறது. காணொலியில் சாட்சியம் பதிவு செய்யவும் புதிய சட்டம் இடம் கொடுக்கிறது. திருவிழாவை மட்டும் காரணமாகச் சொன்னால் எல்லா நீதிபதியும் ஏற்பார்கள் என்று சொல்ல முடியாது. அரசு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேசி வாய்தா கேளுங்கள். கிடைக்காவிட்டால் காலையில் முதல் சாட்சியாகக் கூப்பிடச் சொல்லிவிட்டு, மாலைத் தேருக்குப் போய்ச் சேருங்கள். இராமநாதபுரத்திலிருந்து ஓரியூர் அப்படியொன்றும் தூரமில்லை.

இனி சித்தி. உங்களால் அவருக்குச் செய்ய முடிந்த, செய்ய வேண்டிய உதவி ஒன்று இருக்கிறது. கடிதத்தைப் பார்த்தால் பையனுக்கு இன்னும் நல்ல வக்கீல் அமையவில்லை என்று தெரிகிறது. காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். இராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். கவரில் இருந்த பணம் வழக்கின் மற்ற செலவுக்கு ஆகட்டும். மகஜர் நகல், கைதுக் குறிப்பு, ரிமாண்ட் உத்தரவு மூன்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். கூட அப்பாவை அனுப்புங்கள். நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.